கை அசைந்தால் ஓடும்

பிப்ரவரி 3

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, விடுதி அறையில் மழை ஒழுகுவதைச் சரிசெய்தார்களா, எழுது.

மூன்று மாதம் வாயைத் திறக்காதவன் காரியம் என்றதும் பேனாவை எடுத்துவிட்டான் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள். ஆறு வருஷமாக வாட்ச் கடை சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறாய், தங்கை உன்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பேன்? எனக்கு ஒரு நல்ல வாட்ச் வேண்டும்.

பழைய வாட்ச்சோடு இனி மல்லுக்கட்ட முடியாது. தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டியிருக்கிறது. பிடித்துத் திருகினால் கையிலிருந்து வழுக்கிவிடுகிறது. இந்த மாதம் மட்டும் இரண்டு தடவை கீழே விழுந்து கண்ணாடி மாற்றினேன். பட்டையில் ஊசியை ஓட்டைக்குள் விடுவதற்குள் முதல் டிரிப் கிளம்பிவிடும் போலிருக்கிறது. அதனால் சாவி கொடுக்கிற வேலை இருக்கக் கூடாது, பட்டையும் வேண்டாம், செயினாக இருக்கட்டும். மற்றபடி பேட்டரியோ எதுவோ, நீ பார்த்துச் சொல்.

பஸ்ஸில் இருக்கும் கடிகாரம் இரண்டு வருஷமாகப் பத்தே காலில் நிற்கிறது. டைம் ஆபீஸில் இரண்டு நிமிஷம் தாமதம் என்றாலும் சிவப்பு மையில் குறிக்கிறார்கள். அண்ணியிடம் சொன்னேன். "தெருவுல பத்து கடையில கடிகாரம் தொங்குது, எட்டிப் பாத்தா ஆச்சு. டிரைவருக்கு எதுக்குங்க அவ்வளவு பெரிய வாட்ச்?" என்கிறாள். அதுவும் நியாயம்தான். நல்ல வாட்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறதா என்று நீயே சொல். உன் பேச்சுக்குக் கட்டுப்படுகிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் சௌக்கியம். ஒழுகும் இடத்தில் ஒரு வாளியை வைத்துவிட்டேன், அதுதான் இந்த விடுதியில் சரிசெய்வது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். இருபது டன் பஸ்ஸை ஓட்டுகிறவனுக்கு வாட்ச்சுக்குச் சாவி கொடுக்க வலிக்கிறதாம். சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

நீ கேட்டதற்கு வருகிறேன். வாட்ச் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் டயலைத்தான் பார்க்கிறார்கள். நான் அதைத் திருப்பிப் பின்மூடியைப் பார்ப்பேன். திருகி மூடுகிற மூடியாக இருந்தால் தண்ணீர் போகாது. சும்மா அழுத்தி மூடியிருந்தால் ஒரு மழையோடு சரி. கண்ணாடி கீறல் விழாததாக இருக்க வேண்டும். செயினைக் கையில் எடுத்து ஆட்டினால் தகரம் மாதிரிச் சத்தம் வரக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மினுமினுப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

பேட்டரி வாட்ச்சை நான் உனக்கு வாங்கித் தர மாட்டேன். அது எல்லார் கையிலும் ஒரே மாதிரி ஓடும், மேஜை மேல் போட்டுவைத்தாலும் ஓடும். உனக்கு ஆட்டோமேட்டிக் எடுத்துவைத்திருக்கிறேன். உள்ளே அரை வட்டமாக ஒரு எடை இருக்கிறது. கட்டியவர் கை அசைந்தால் அது சுற்றும், சுற்றினால் ஸ்பிரிங் முறுக்கேறும். இந்த மாடலில் திருகினால் முள் நகரும், அவ்வளவுதான், சாவி ஏறாது. கை அசைந்தால்தான் ஓடும். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும். நீ நாள் முழுக்க ஸ்டீரிங்கோடும் கியரோடும் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறவன். உன்னைவிடப் பொருத்தமான ஆள் இந்த உலகத்தில் கிடையாது.

வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டாய். இருபத்திரண்டு வருஷம் ஊராருக்கு நேரத்துக்கு வண்டி விட்டவன், உனக்கென்று ஒரு நல்ல பொருள் இதுவரை எது வாங்கினாய்? சொல் பார்க்கலாம். விலையைப் பற்றி நீ பேசினால் நான் பேசமாட்டேன்.

எங்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன். எப்போதும் ஒரு கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டே இருப்பார், கடையில் எல்லோருக்கும் அவர் ஒற்றைக்கண்ணர். அவர் சரி என்றால் சரி.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

சுண்டு

மார்ச் 12

அன்புள்ள சுண்டுவுக்கு,

இருவரும் நலமே. வாட்ச் வந்தது. பார்சலைப் பிரித்ததும் அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் வாயில் அது பெரிய பட்டம், உனக்கே தெரியும்.

கொக்கி மிகவும் வசதி. முழங்காலில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் மூடிக்கொள்கிறது. முதல் நாள் டியூட்டிக்குக் கட்டிக்கொண்டு போனேன். நம் கண்டக்டர் விசில் இருக்கிறானே, மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இனி லேட்டானா வாட்ச் மேல பழி போட முடியாதே, என்ன செய்வீங்க?" என்றான். அந்த வாரம் முழுக்கச் சிவப்பு மை விழவில்லை. இறங்குகிற பயணி ஒருவர் மணி கேட்டார். பாதையைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். நிறுத்தத்தில் நிற்கும்வரை காத்திருந்து, கையைத் தூக்கிப் பார்த்துச் சொன்னேன். இந்த வயதில் இப்படி ஒரு அல்பத்தனம்.

இவ்வளவு நல்ல பொருள் என் கையில் இருந்ததில்லை. மனசு நிறைந்திருக்கிறது.

அண்ணன்

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை ஒற்றைக்கண்ணருக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, சிரித்தார். இங்கே எனக்கு லேசான இருமல், வேறொன்றும் இல்லை.

மே மாதம் எனக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. நேரே அங்கேதான் வருகிறேன். உன் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கச் சுற்ற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். டிக்கெட் எடுக்க மாட்டேன், விசிலிடம் சொல்லிவை.

அண்ணிக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது. உடனே எழுது.

சுண்டு

ஏப்ரல் 28

அன்புள்ள சுண்டுவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் இருமல் நின்றதா? நாங்கள் இருக்கிறோம்.

ஒரு செய்தி. இந்த மாதம் முதல் எனக்கு டிப்போவிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். டைம் ஆபீஸில் ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். வருகிற வண்டியையும் போகிற வண்டியையும் பார்த்துச் சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். பதவி உயர்வு மாதிரிதான். வெயில் இல்லை, தூசி இல்லை.

அதனால் முன்சீட்டுப் பயணம் இப்போதைக்கு நடக்காது. மே மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம் என்றிருக்கிறோம், சாமான் எல்லாம் தெருவில் கிடக்கும். நீ வந்தால் படுக்கவும் இடமிருக்காது. பிறகு பார்த்துக்கொள்ளலாம், இப்போது வராதே.

இன்னொன்று. வாட்ச் இரண்டு தடவை நின்றுவிட்டது. காலையில் பார்த்தால் மூன்றரையில் நிற்கிறது. ஆட்டினால் ஓடுகிறது, மறுபடி மறுநாள் நிற்கிறது. பெரிய விஷயம் இல்லை. உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

அண்ணன்

மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இருமல் போய்விட்டது, கோபம்தான் போகவில்லை. வெள்ளையடிக்கிறீர்களா? வெள்ளையடித்தால் நான் ஒரு மூலையில் பாயை விரித்துப் படுத்துக்கொள்ள மாட்டேனா? விடுப்பை மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உனக்கு நிம்மதிதானே.

வாட்ச் விஷயம். நாற்காலி வேலைக்குப் போனதால் நிற்கிறது என்று சொல்லாதே. கணக்கு எழுதுகிற கிளார்க் கட்டினாலும் ஓடும். தலைவாரினால், சட்டை போட்டால், சாப்பிட்டால், கதவைத் திறந்தால் போதும், ஒரு மனுஷன் ஒரு நாளைக்குச் சாதாரணமாக ஆட்டுகிற ஆட்டத்திலேயே முறுக்கேறிவிடும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். நான் எடுத்துக் கொடுத்த வாட்ச் இரண்டு மாதத்தில் நிற்கிறது என்றால் எனக்கு அவமானமாக இருக்கிறது. ஒற்றைக்கண்ணர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

உடனே பார்சலில் திருப்பி அனுப்பு. தள்ளிப்போடாதே.

சுண்டு

மே 21

அன்புள்ள சுண்டுவுக்கு,

சௌக்கியம். வாட்ச்சை இதோடு அனுப்பியிருக்கிறேன். வரிகள் கோணலாகப் போயிருக்கும், ஃபேன் காற்றில் தாள் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. ஒற்றைக்கண்ணரிடம் வாட்ச்சைக் குறை சொல்லி எதுவும் பேசாதே. நல்ல வாட்ச்தான். சரியானால் அனுப்பு, இல்லையென்றாலும் பரவாயில்லை. கை வெறுமையாக இருப்பது மட்டும் என்னவோ போலிருக்கிறது.

அண்ணன்

ஜூன் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். நீ எழுதின ஏழு வரியை வைத்து நீ எப்படி இருக்கிறாய் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

உன் வாட்ச்சை மூன்று வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டோம். ஒரு வாரம் சுழல் தட்டில் மாட்டி, ஒரு வாரம் ஒற்றைக்கண்ணர் கையில், ஒரு வாரம் என் கையில். ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவர் பிரித்துப் பார்த்தார், மெஷினில் வைத்துப் பார்த்தார். பிறகு லென்ஸைக் கழற்றாமலே என்னைக் கேட்டார்.

"யாரும்மா கட்டறது?"

"எங்க அண்ணன்."

"படுத்த படுக்கையா?"

"அட போங்க. நாப்பத்தாறு வயசு. பஸ் டிரைவர்."

"அப்ப வாட்ச்ல ஒண்ணும் இல்ல. அவரு கட்டறதே இல்ல. பெட்டியில வெச்சு அழகு பாக்கறாரு. கட்டச் சொல்லு."

கவுண்டரில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அண்ணா, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாமே. பெட்டிக்குள் வைத்துவிட்டு நின்றுவிட்டது, நின்றுவிட்டது என்று எழுதலாமா? கடையில் இருந்ததையெல்லாம் புரட்டி உனக்காக நான் பார்த்துப் பார்த்து எடுத்தது அது. மே மாதம் வர வேண்டாம் என்றாய், அதையும் பொறுத்துக்கொண்டேன். என்னோடு உனக்கு என்ன?

வாட்ச்சைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கட்டு. கட்டினால் ஓடும்.

சுண்டு

ஆகஸ்ட் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ நல்லபடியாக இருக்க வேண்டும். நான் உனக்குக் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிறது, தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள். நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

அவர் வாட்ச்சைப் பெட்டியில் வைக்கவில்லை. குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. உன் ஒற்றைக்கண்ணர் முதலில் கேட்டதுதான் சரியான கேள்வி.

போன வருஷம் நடுவில் இடது கை விரலில் ஆரம்பித்தது. பொத்தான் போட வரவில்லை, வாட்ச்சைப் பிடித்துச் சாவி கொடுக்க வரவில்லை. நரம்பு பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். வேலையை விடக் கூடாது என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. மார்ச் கடைசியில் ஒரு திருப்பத்தில் ஸ்டீரிங் கையிலிருந்து நழுவி பஸ் நடைபாதையில் ஏறிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவரே நேராக டிப்போ மேனேஜர் அறைக்குப் போய், "இனி நான் வண்டி எடுக்கக் கூடாது சார்" என்று சொல்லி டியூட்டி அட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார். நாற்காலி வேலை கொடுத்தது இரக்கப்பட்டு. அங்கேயும் அந்தக் கையை யாரும் பார்க்கக் கூடாது என்று பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருப்பார். வாட்ச் எப்படி ஓடும்? வெள்ளையும் அடிக்கவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள், எனக்கு வாயில் நுழையவில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகுமாம், அப்புறம் கால், அப்புறம் நாக்கு, கடைசியில் மூச்சு. "இதுக்கு மருந்து இல்லம்மா" என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷம் என்றார். மூன்று வருஷமும் ஆகலாமாம்.

உன் ஜூன் மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தார். "பாத்தியா, நான் கட்டறதே இல்லையாம்." மூன்றாம் நாள், "இந்தக் கையில கட்டு" என்று வலது கையை நீட்டினார். கட்டினேன். நன்றாக ஓடியது. தினமும் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டார். உனக்கு எழுத வேண்டும் என்று தாள் எடுத்து வைத்தார். பத்தொன்பது நாள் ஓடிவிட்டு நின்றது. அன்றைக்குத்தான் வலது கைக்கும் வந்துவிட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

இப்போது அவர் தூங்கியதும் கழற்றி எடுத்துக்கொள்வேன். விடிந்ததும் அடுப்படிக்குள் நின்று நூறு எண்ணுகிறவரை ஆட்டுவேன். எழுவதற்கு முன்னால் கட்டிவிடுவேன். ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒன்றாவது இருக்கட்டும்.

பத்து நாளாகப் பேச்சிலும் ஒரு தடிப்பு தெரிகிறது. உன்னைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "அவ என்னை வண்டி ஓட்டறவனாவே நினைச்சிட்டிருக்கட்டும்" என்கிறார். நீ திடுதிப்பென்று வந்து நின்றால் நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்துவிடும். அப்புறம் என்னை நம்ப மாட்டார். சட்டை மாட்ட, சோறு ஊட்ட, முகம் துடைக்க எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான் இருக்கிறேன், என்னை நம்பாமல் என்ன செய்வார்? அவர் வாயால் கூப்பிடுகிறவரை பொறு. பேச முடிகிற நாளிலேயே கூப்பிட வேண்டுமே என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதில் எழுதினால் மாடி வீட்டு டீச்சர் பெயருக்கு எழுது.

அண்ணி

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுதுங்கள். உங்களை அங்கே யார் விசாரிக்கிறார்கள்?

கடிதத்தைக் கவுண்டரிலேயே வைத்துப் படித்தேன். படித்தபிறகு இரண்டு பேர் வந்து பேட்டரி மாற்றச் சொன்னார்கள், மாற்றிக் கொடுத்தேன்.

ஆறு வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், நிற்கிறது என்று கொண்டுவருகிறவர்களிடம் எல்லாம், உங்கள் கை போதுமான அளவு அசைவதில்லை, உடம்பைக் கவனியுங்கள் என்று. வயதானவர்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். என் அண்ணன் எழுதினதில் மட்டும் எனக்குத் தெரியவில்லை. சாவி கொடுக்க முடியவில்லை என்றான், சோம்பேறி என்றேன். பேட்டரியானாலும் சரி என்றான், கை அசைந்தால்தான் ஓடும் என்று ஒன்றைத் தேடிப் பிடித்து அனுப்பினேன். கட்டு, கட்டினால் ஓடும் என்று திட்டினேன். இதை நான் எங்கே போய்க் கொட்டுவேன், அண்ணி?

ஒற்றைக்கண்ணரிடம் சொன்னேன். லென்ஸைக் கழற்றிக் கீழே வைத்தார். அன்றைக்கு முழுக்க அவர் வேலை செய்யவில்லை.

நீங்கள் சொன்னபடி பொறுத்திருக்கிறேன். அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். படித்துக் காட்டும்போது முகத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள்.

சுண்டு

ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்?

உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கோளாறு வாட்ச்சில்தானாம். அந்த மாடலில் ஒரு சக்கரத்தின் பல் சரியில்லையாம், சில நாள் ஓடும், சில நாள் நிற்குமாம். கம்பெனியே எழுதியிருக்கிறது. என்னை ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்கள். தெரியாமல் உன்னைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். மட்டமான வாட்ச், அதற்காக நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அண்ணா, உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வெள்ளையடித்து முடித்திருப்பீர்கள். வரவா? ஒரு வார்த்தை எழுது, அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன்.

சுண்டு

அக்டோபர் 2

அன்புள்ள சுண்டுவுக்கு,

அண்ணன் சொல்ல அண்ணி எழுதுவது. நான் சொல்கிறபடியே எழுத வேண்டும், நடுவில் எதையும் சேர்க்கவோ விடவோ கூடாது என்று சொல்லியிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரியும் என்பது எனக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணியைச் சந்தேகப்படாதே. நீதான் காட்டிக்கொடுத்தாய். ஆறு வருஷத்தில் நீ எடுத்துக் கொடுத்த ஒரு வாட்ச்சையாவது குறை சொல்லி எழுதியதுண்டா? ஊரே தப்பு என்றாலும் உன் வாட்ச் சரி என்பாய். மட்டமான வாட்ச் என்று எழுதினாய் பார், அந்த வரியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவள் எழுதிவிட்டாள் என்று. படித்துக் காட்டிய அண்ணி முகத்தை மாற்றாமல் நன்றாகத்தான் படித்தாள். கோபம் வந்தது. ஒரு மாதம் பதில் போடாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். இப்போது இல்லை.

வாட்ச் நல்ல வாட்ச். இருபது நாள் அதைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினேன். அதற்கே அது போதும்.

காலையில் அடுப்படியில் அண்ணி அதை ஆட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கும். உள்ளே அந்த எடை சுற்றுகிற சத்தம், மெதுவாக அவள் எண்ணுகிற சத்தம். முதல் நாளிலிருந்தே கேட்கிறது. கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, அவள் வந்து கட்டியபிறகு விழித்துக்கொண்ட மாதிரி எழுவேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டாள். எழுது என்கிறேன். அழுகிறாள். நிறுத்தினதையும் எழுது, அழுததையும் எழுது என்று சொன்னேன்.

நாளையிலிருந்து ஆட்ட வேண்டாம் என்று அவளிடம் நேரில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் உனக்கு எழுதுகிற கடிதத்தில் சொல்கிறேன். அந்த அரை மணியாவது அவள் சேர்த்துத் தூங்கட்டும். நிற்கட்டும் அது. நின்றதைக் கட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். வருத்தம்தான். பயமும் இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் இருந்தால் ஒரு ஆளுக்காவது நான் பழைய மாதிரியே இருப்பேன் என்று நினைத்தேன். அது வீண் ஆசை.

போன வாரம் விசில் வந்திருந்தான். பக்கத்தில் உட்காரவைத்து அரை மணி பேசினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். போகும்போது வாசலில் அண்ணியிடம், "அண்ணே என்ன சொன்னாரு அண்ணி? ஒண்ணுமே விளங்கல" என்று கேட்டான். காது எனக்கு நன்றாகக் கேட்கிறது. பதினெட்டு வருஷம் ஒரே வண்டியில் இருந்தவன்.

நீ வா. உனக்கும் விளங்காது. விளங்கின மாதிரித் தலையாட்டாதே, திரும்பக் கேள். அண்ணி பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வாள். இந்தக் கடிதத்தில்கூட நாலைந்து இடத்தில் அவள் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டுத்தான் எழுதினாள். அவளுக்கும் விளங்காமல் போவதற்கு முன்னால் வந்துவிடு.

அண்ணன்